படக்குறிப்பில் இரண்டு ஆண்டுகள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய மதச் சீர்திருத்தம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. குறை, அதனுடன் வந்த மூன்று படங்களுக்குக் கீழே இருந்த குறிப்புகளில்தான். ‘போப்பாண்டவரை வீழ்த்தும் ஆறாம் எட்வர்டு, 1547’, ‘வோர்ம்ஸ் சபையில் மார்ட்டின் லூத்தர், 1521’, ‘லூட்சன் போர்க்களத்தில் குஸ்தாவ் அடால்ஃப் மரணம், 1632’ என்று அச்சாகியிருந்தன. மூன்றும் நிகழ்ச்சி நடந்த ஆண்டுகள். படங்களில் ஒன்றுகூட அந்தந்த ஆண்டில் வரையப்பட்டதல்ல. முதலாவது ஏறக்குறைய 30 ஆண்டுகள் பிந்தியது, இரண்டாவது 356 ஆண்டுகள், மூன்றாவது 223 ஆண்டுகள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த இணைப்பை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

லூத்தர் படத்தை முதலில் முடித்துவிடலாம். அது ஆன்டன் ஃபான் வெர்னர் என்ற பிரஷ்ய ஓவியர் 1877-ல் வரைந்தது. ஸ்டுட்கார்ட் அரசு ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மதச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசுச் சபையில் 21 வயதுப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் விசாரணைக்கு நின்றது 1521 ஏப்ரல் 17, 18 தேதிகளில். வெர்னர் இதை வரைந்தபோது ஜெர்மனி ஒன்றுபட்டு ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் புராட்டஸ்டன்ட். அவருடைய அமைச்சர் பிஸ்மார்க், கத்தோலிக்கத் திருச்சபையோடு பள்ளிக்கூடம், திருமணப் பதிவு, பாதிரியார் நியமனம் என்று எல்லாவற்றிலும் மல்லுக்கு நின்ற காலம் அது. ரோமுக்குப் பணியாத ஜெர்மானியர் ஒருவர் வெளிச்சத்தில் நிற்கும் படத்துக்கு அன்று இருந்த தேவை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. இதே வெர்னர், 1871-ல் வெர்சாய் அரண்மனையில் வில்ஹெல்ம் பேரரசராக அறிவிக்கப்பட்டதை நேரில் இருந்து பார்த்தவர். ஆனால் பிஸ்மார்க்கின் எழுபதாம் பிறந்தநாள் பரிசாக 1885-ல் அதைத் திரும்ப வரைந்தபோது, அன்று நீலச் சீருடையில் இருந்த பிஸ்மார்க்குக்கு வெள்ளைச் சீருடை போட்டுவிட்டார். உடல்நலமில்லாமல் வராத தளபதி ரூனையும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். கண்ணால் கண்டதையே இப்படி வரைந்தவர், மூன்றரை நூற்றாண்டுக்கு முந்தையதை எப்படி வரைந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம். 1521-க்கு உண்மையான படம் வேண்டுமென்றால் இருக்கிறது: அந்த ஆண்டே லூக்காஸ் கிரானாக் செதுக்கிய செப்புத்தகட்டு அச்சு. முனைவர் தொப்பி அணிந்த லூத்தரின் பக்கவாட்டு முகம், அவ்வளவுதான். பார்க்க எடுப்பாக இருக்காது. ஆனால் லூத்தரை நேரில் அறிந்தவர் செய்தது.

ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் ஜெர்மனியின் லூட்சன் போரில் இறந்ததைக் காட்டும் படம், அந்நாட்டு ஓவியர் கார்ல் வால்போம் 1855-ல் வரைந்தது. இதில் ஆண்டோடு தேதிக் குழப்பமும் சேர்ந்திருக்கிறது. கட்டுரையில் அரசர் இறந்தது நவம்பர் 16 என்று இருந்தது, பக்கத்திலிருந்த பெட்டிச் செய்தியில் நவம்பர் 6 என்று இருந்தது. இரண்டுமே சரி. 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரெகோரி திருத்திய நாட்காட்டியைப் பல புராட்டஸ்டன்ட் நாடுகள் ஏற்கவில்லை; பதினேழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். டென்மார்க் 1700-லும், பிரிட்டன் 1752-லும், ஸ்வீடன் 1753-லும்தான் மாறின. அந்தக் காலத்துப் படங்களிலும் அச்சுகளிலும் தேதி எழுதியிருந்தால் எந்த நாட்காட்டி என்று பார்க்காமல் ‘தவறு’ என்று முடிவு கட்டக் கூடாது. அன்று குஸ்தாவ் அணிந்திருந்த காட்டுமான் தோல் அங்கி, குண்டு துளைத்த ஓட்டைகளோடு ஸ்டாக்ஹோம் அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது. பழைய காயம் ஒன்றின் காரணமாக அவரால் இரும்புக் கவசம் போட முடியவில்லை. ஆகவே லூட்சனில் அவரைப் பளபளக்கும் மார்புக்கவசத்தோடு காட்டும் படம் எதுவானாலும் அது புகழ்ச்சிக்கு வரைந்தது என்று உடனே சொல்லிவிடலாம்.

இனி எட்வர்டு படம். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. தப்பு பெரியதும் இதில்தான்.

லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் பலகை ஓவியம் சுமார் 62 சென்டிமீட்டர் உயரம், 91 சென்டிமீட்டர் அகலம். வரைந்தவர் யாரென்று தெரியாது. இடது பக்கம் படுக்கையில் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி, கையை நீட்டி மகனைக் காட்டுகிறார். நடுவில் மேடைமேல் சிறுவன் எட்வர்டு. வலது பக்கம் அவனுடைய தாய்மாமன் சோமர்செட் கோமகனும், மேசையைச் சுற்றி ஆலோசனைச் சபையினரும். எட்வர்டின் காலடியில் போப்பாண்டவர் துவண்டு சரிகிறார். அவர்மேல் ஒரு திறந்த புத்தகம் விழுந்திருக்கிறது. அதில் ‘கர்த்தருடைய வசனம் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும்’ என்ற வாக்கியம். போப்பின் மார்பில் ‘மாம்சமெல்லாம் புல்’. பக்கத்தில் ‘விக்கிரக ஆராதனை’, ‘மூடநம்பிக்கை’ என்ற சொற்கள். மேலே வலது மூலையில், சன்னல் வழியாகத் தெரிவதுபோல ஒரு சிறு காட்சி: ஆட்கள் ஒரு சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளுகிறார்கள்.

ஹென்றி இறந்தது 1547 ஜனவரி 28. அப்போது எட்வர்டுக்கு ஒன்பது வயது. அதே ஆண்டு கோடையில் ஆலயங்களிலிருந்து உருவங்களை அகற்றும் அரசாணைகள் வந்தன. படத்தில் இவை அத்தனையும் இருப்பதால், நீண்ட காலம் ஆய்வாளர்களே இதை எட்வர்டின் ஆட்சியில் வரைந்தது என்றுதான் நம்பினார்கள். தங்கள் இணைப்பின் குறிப்பு அந்தப் பழைய நம்பிக்கையிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை உடைத்தது ஹென்றியின் கட்டில். அந்தக் கட்டில்காலும் படுத்திருக்கும் கோலமும், டச்சு ஓவியர் மார்ட்டன் ஃபான் ஹேம்ஸ்கெர்க்கின் வரைபடத்தை வைத்து 1560-களில் அச்சான ஒரு செப்புத்தகட்டுப் படத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அது வேதாகமத்தில் வரும் எஸ்தர் கதைப் படம்: தூக்கம் வராத அகாஸ்வேரு ராஜா நாளாகமப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் காட்சி. சிலையை இழுக்கும் மூலைக்காட்சிக்கும் மூலம் ஹேம்ஸ்கெர்க்தான். பாபேல் கோபுரம் இடியும் படம். 1560-களில் வந்த அச்சைப் பார்த்து 1547-ல் யாரும் வரைந்திருக்க முடியாது.

பிறகு மரமும் சாட்சி சொன்னது. இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ‘மர வளையச் சோதனையில் நிரூபணம்’ என்று செய்தி வரும்போதெல்லாம் அதன் பொருள் தவறாகவே எழுதப்படுகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தின் பலகை ஓவியங்கள் பெரும்பாலும் பால்டிக் கரையிலிருந்து இறக்குமதியான ஓக் பலகைகளில் வரையப்பட்டவை. பலகையின் விளிம்பைச் சுத்தம் செய்து, வளையங்களின் அகலத்தை வரிசையாக அளந்து, அந்தப் பகுதி ஓக் மரங்களுக்கு ஏற்கெனவே தொகுத்துவைத்துள்ள பட்டியலோடு பொருத்துகிறார்கள். கடைசி வளையம் எந்த ஆண்டுக்குரியது என்று துல்லியமாகக் கிடைத்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். தச்சர், பூச்சி அரிக்கும் என்று பட்டையை ஒட்டிய வெளிப்பக்கத்து மென்மரமான வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிட்டு, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும்தான் பலகையாக்குவார். ஆக, நம் கையில் இருக்கும் கடைசி வளையம் மரத்தின் கடைசி வளையம் அல்ல. செதுக்கிப்போன வெள்ளைக்குக் குறைந்தது எட்டு ஆண்டாவது கூட்ட வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு என்பது மதிப்பீடுதான். அதனால்தான் விடை ஒற்றை ஆண்டாக வராமல் ஓர் இடைவெளியாக வருகிறது. எட்வர்டு படத்தின் பலகைக்கு வந்த விடை: மரம் வெட்டப்பட்டது 1574-க்கும் 1590-க்கும் இடையில். எட்வர்டு இறந்தது 1553-ல். 1547-ல் அந்த மரம் காட்டில் நின்றுகொண்டிருந்தது.

இந்தச் சோதனை ஒரு பக்கம் மட்டுமே வெட்டும் கத்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். படம் இந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்று அது சொல்லும். அதற்குப் பிந்தியதல்ல என்று சொல்லாது. பழைய பலகையில் புதுப் படம் வரைந்தால் மரம் காட்டிக்கொடுக்காது. அப்போது வண்ணத்தைத்தான் கேட்க வேண்டும். பிரஷ்ய நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்டது; டைட்டானியம் வெள்ளை இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. ‘டியூடர் கால’ப் படம் ஒன்றின் அடிப்படை வண்ணத்தில் இவை இருந்தால் பேச்சு முடிந்தது. மேற்பூச்சில் மட்டும் இருந்தால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள், அவ்வளவே. துணியில் வரைந்த படத்துக்கு வளையமே கிடையாது.

சரி, 1570-களில் யாருக்கு இந்தப் படம் தேவைப்பட்டது? அப்போது ஆண்டது எட்வர்டின் அக்கா எலிசபெத். 1570-ல் போப் ஐந்தாம் பயஸ் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்திருந்தார். எலிசபெத்தோ தம் சொந்தச் சிற்றாலயத்தில் சிலுவையையும் மெழுகுவர்த்திகளையும் விடாமல் வைத்திருந்தார். தீவிர புராட்டஸ்டன்ட்டுகளுக்கு அது தீராத எரிச்சல். ‘அப்பா தொடங்கினார், தம்பி உடைத்தான், நீங்கள் ஏன் பாக்கி வைக்கிறீர்கள்?’ என்று அரசிக்கு விடுத்த கேள்வியாகவே இந்தப் படத்தை இன்று பலர் வாசிக்கிறார்கள். மறைந்த தலைவர் கைநீட்டி வாரிசைக் காட்டும் சுவரொட்டி நமக்குப் புதிதல்ல. அதை ஒட்டுபவர் மறைந்தவரைப் பற்றிச் செய்தி சொல்வதில்லை, இருப்பவர்களிடம் ஒன்றைக் கேட்கிறார். இந்தப் படத்தை 1547-க்கு ஆவணமாகக் காட்டினால் அந்தக் கேட்பு முழுவதும் காணாமல் போய்விடுகிறது.

திறந்த புத்தகத்தில் உள்ள வாக்கியத்துக்கும் ஓர் அரசியல் முகவரி உண்டு. லூத்தரைப் பாதுகாத்த ஜெர்மன் சிற்றரசான சாக்சனியின் அரசவை முழக்கம் அது. 1526-ல் ஸ்பேயர் சபைக்குப் போன அந்த அரசவையின் ஆட்கள் லத்தீன் வடிவத்தின் முதலெழுத்துகளைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு போனார்கள். அரசர் படத்தைக் கட்சிச் சின்னமாக்கும் வேலையைச் சாக்சனியை விடச் சிறப்பாக யாரும் செய்ததில்லை என்றே சொல்வோம். லூத்தரைக் காப்பாற்றிய பிரெடரிக் 1525-லும், அடுத்து வந்த அவர் தம்பி ஜான் 1532-லும் இறந்தார்கள். ஜானின் மகன் ஜான் பிரெடரிக் பட்டத்துக்கு வந்தவுடன் கிரானாக் பட்டறையில் பெரியப்பா, அப்பா இருவரின் படத்தையும் ஜோடி ஜோடியாக 60 ஜோடிகள் செய்யச் சொன்னார். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொண்ட பதவி அது, பேரரசர் கத்தோலிக்கர். தன் வாரிசுரிமையை ஊர் ஊராக நினைவூட்டும் அவசரம் ஜான் பிரெடரிக்குக்கு இருந்தது. சுமார் 20-க்கு 14 சென்டிமீட்டர் அளவுள்ள பீச் மரப் பலகைகள். ஒரே வரைவைத் திரும்பத் திரும்பப் படியெடுத்து முகம் தீட்டினார்கள். அவர்களைப் பற்றிய பாட்டு வரிகளைத் தனியே காகிதத்தில் அச்சடித்துப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

இந்தப் படங்களில் பிரெடரிக் பிறவிப் புராட்டஸ்டன்ட் போலத் தெரிவார். ஆனால் அவர்தான் 1520 அளவில் புனிதர்களின் எலும்பு, துணி, மயிர் என்று 19,013 திருப்பண்டங்களைச் சேர்த்து வைத்திருந்தவர். 1509-ல் அந்தச் சேகரிப்பின் பட்டியல் நூலுக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்து கொடுத்ததும் இதே கிரானாக்தான்! ‘பிரெடரிக், 1525-க்கு முன்’ என்று குறிப்புப் போட்டுவிட்டால் இந்தத் திருப்பம் வாசகருக்குத் தெரியவே தெரியாது. கிரானாக் படங்களைக் காலம் கணிக்க அவருடைய முத்திரையே பெரும்பாலும் போதும். சிறகு முளைத்த சிறு பாம்பு. 1537 வரை சிறகு செங்குத்தாக நிற்கும், பிறகு மடங்கிப் படுத்திருக்கும். ஜான் பிரெடரிக்குக்கு இன்னும் சுலபம். 1547 ஏப்ரல் 24 அன்று மூல்பெர்க் போரில் பேரரசரிடம் பிடிபட்டபோது இடது கன்னத்தில் வெட்டு விழுந்தது. அந்தத் தழும்பை மறைக்காமல் வரையவைத்தார்கள். விசுவாசத்துக்காகப் பட்ட காயம் என்று அது பெருமையாகிவிட்டது. அதே போரை வென்ற ஐந்தாம் சார்லஸைக் குதிரைமேல் ஈட்டியோடு டிஷியன் வரைந்தது 1548-ல், ஆக்ஸ்பர்கில். அதற்கும் பல இடங்களில் 1547 என்றே போடுகிறார்கள்.

அச்சுப் படங்களில் இன்னொரு சிக்கல்: ஒரே கட்டையிலிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் அடித்த தாள்கள் வேறுபடும். 1539-ல் வந்த ஆங்கிலப் ‘பெரிய வேதாகம’த்தின் முகப்புப் பக்கத்தில் எட்டாம் ஹென்றி நடுவில் அமர்ந்து இரு கையாலும் வேதத்தைக் கொடுக்கிறார், ஒரு பக்கம் பேராயர் கிரான்மர், மறுபக்கம் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். கீழே ஜனங்கள் ‘அரசர் வாழ்க’ என்கிறார்கள். ஆண்டவருக்கு அரசரின் தலைக்கு மேலே இடுக்கில் கொஞ்சம் இடம். கிரான்மர், கிராம்வெல் இருவர் அருகிலும் வட்டத்துக்குள் அவரவர் குலச்சின்னம் இருக்கும். 1540 ஜூலையில் கிராம்வெல்லின் தலை வெட்டப்பட்டது. பின்னர் வந்த பதிப்புகளில் ஆள் அப்படியே நிற்கிறார்; அவருடைய வட்டத்துக்குள் சின்னம் மட்டும் சுரண்டப்பட்டு வெறுமையாக இருக்கிறது. ‘1539’ என்று போட்டு வெறும் வட்டமுள்ள பக்கத்தை அச்சிட்டால் அது பிழை. இணையத்தில் இரண்டும் ஒரே பெயரில்தான் கிடைக்கின்றன.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள குழப்பம் ஒன்று: தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டை கட்டியபோது டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியான். 1706-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த லூத்தரன் பாதிரியார் சீகன்பால்குவை அனுப்பியவர் நான்காம் பிரெடரிக். 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் இருப்பது இவருடைய முத்திரைதான். இருவருமே லூத்தரன் அரசர்கள், இருவருமே ‘நான்காம்’. சீகன்பால்கு கட்டுரைக்குக் கிறிஸ்டியான் படத்தைப் போடுவது வாடிக்கையாகிவிட்டது. பிரித்தறிவது எளிது: இடது தோளில் ஒற்றைப் பின்னல் தொங்கினால் கிறிஸ்டியான், தலையில் பெரிய பொய்முடி இருந்தால் பிரெடரிக். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் இருக்கும் சலவைக்கல் சிற்பத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1798-ல் இறந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் படுக்கையருகே சரபோஜி மன்னர் கையைப் பற்றி நிற்கும் அந்தச் சிற்பத்தைச் செய்த ஜான் பிளாக்ஸ்மன், இந்தியாவுக்கே வராதவர். மன்னர் கேட்டுக்கொண்டபடி பின்னால் லண்டனில் செய்து அனுப்பியது.

பத்திரிகை அலுவலகத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் போதும். படத்தைத் தேடுபொறியிலிருந்து எடுக்காமல், அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் பதிவுப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வரைந்த ஆண்டு, ‘பட்டறை’, ‘பாணியில்’, ‘நகல்’ போன்ற சொற்கள் அங்கே முதல் இரண்டு வரியிலேயே இருக்கும். அவற்றைக் குறிப்பில் விட்டுவிடக் கூடாது. அச்சுப் படமானால் இடவலம் மாறியிருக்கிறதா என்று வாளைப் பிடித்த கையையும் எழுத்துகளையும் பார்க்க வேண்டும். குறிப்பில் காட்சியின் ஆண்டு, வரைந்த ஆண்டு இரண்டும் வர வேண்டும். தங்கள் மூன்று படங்களுக்கும் இப்படிப் போட்டிருக்கலாம்: ‘ஆறாம் எட்வர்டும் போப்பும், ஓவியர் அறியப்படவில்லை, சுமார் 1575, காட்சி: 1547’. ‘வோர்ம்ஸ் சபையில் லூத்தர், ஆன்டன் ஃபான் வெர்னர், 1877, காட்சி: 1521’. ‘லூட்சன் போர், கார்ல் வால்போம், 1855, காட்சி: 1632’. ஒவ்வொன்றும் ஒரு வரிதான்.

எட்வர்டு படத்தை மறுபடி வெளியிடும்போது இடம் போதவில்லை என்று ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். இந்த முறை வலது மேல்மூலை போய்விட்டது. சிலை உடைக்கும் காட்சி அங்கேதான் இருக்கிறது. படத்தில் ஆங்காங்கே இருக்கும் வெள்ளைக் கட்டங்களை அச்சுப் பிழை என்று நினைத்து நிரப்பிவிடவும் வேண்டாம். வாசகம் எழுதுவதற்காக ஓவியரே விட்ட இடங்கள் அவை. கடைசிவரை யாரும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓவிய வரலாறு கற்பிக்கும் இருவர்,
தஞ்சாவூர்.